குருணை மருந்தும் கிணற்றுத் தண்ணீரும்

பிளெய்ன்ஸ்பரோவில் ரூட் 1 ஓரமாக இருக்கும் பெரிய மருத்துவமனையை நம்மில் அறியாதவர் இல்லை. 2012ஆம் ஆண்டு மே மாதம் பிரின்ஸ்டன் ஊருக்குள்ளிருந்து இங்கே இடம் மாறி வந்தது. நம் குழந்தைகள் பலர் பிறந்த இடம். ஆனால் அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது எஃப்.எம்.சி. என்ற இரசாயனக் கம்பெனியின் ஆராய்ச்சி வளாகம். எஃப்.எம்.சி. என்றால் நினைவுக்கு வராவிட்டாலும், "ஃப்யூரடான்" என்றால் கிராமத்துத் தொடர்பு உள்ள எவருக்கும் உடனே நினைவு வந்துவிடும். வாழைக்கும் நெல் நாற்றங்காலுக்கும் உருளைக்கிழங்குக்கும் நம் ஊரில் போட்ட ஊதா நிறக் குருணை அந்தக் கம்பெனியின் சரக்குதான்.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. இங்கிருந்து சில மைல் தள்ளி, வெஸ்ட் வின்ட்ஸரில் குவேக்கர்பிரிட்ஜ் சாலையை ஒட்டி, அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அவர்களுடைய சரக்கு "திமெட்". அதுவும் குருணை. மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு, உரக்கடை மூலையில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே திமெட்! ஆக, தஞ்சாவூரிலும் ஊட்டியிலும் நம் தாத்தாக்கள் கையால் அள்ளித் தூவிய இரண்டு மருந்துகளின் முகவரிகளும் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. இந்த இதழின் நலவாழ்வுப் பகுதியில் இதை எழுத அதுவே காரணம். விவசாயக் கட்டுரை போலத் தோன்றினாலும் இது குடிதண்ணீர் பற்றியது, நம் பெற்றோர் பற்றியது, கோடையில் நாம் போடும் தக்காளிப் பாத்தி பற்றியதும் கூட.

கண்ணுக்குத் தெரியாத புழு

இந்தக் குருணைகள் போடப்பட்டது பல காரணங்களுக்காக. அவற்றில் முக்கியமான ஒன்று நூற்புழு. பெயருக்குத்தான் புழு. மண்புழுவுக்கும் இதற்கும் உறவில்லை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், நூலிழை போன்ற உடல், வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு. மண் துகள்களைச் சுற்றி இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து நெளிந்து போய் வேரைக் கண்டுபிடித்து, ஊசியைச் செருகி உறிஞ்சும். சில வகைகள் வேருக்குள்ளேயே குடியேறி, அங்குள்ள செல்களை வீங்க வைத்து முடிச்சு முடிச்சாக ஆக்கிவிடும். மேலே பார்த்தால் செடி சோர்ந்து, மஞ்சளடித்து நிற்கும். தண்ணீர் ஊற்றினாலும் தேறாது, உரம் போட்டாலும் தேறாது. பிடுங்கிப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

நம் ஊரில் இதற்குப் பெயர்போன கதை நீலகிரியில் நடந்தது. 1961ஆம் ஆண்டு ஊட்டிப் பகுதி உருளைக்கிழங்கு வயல்களில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நூற்புழு நிபுணர் தங்க நிற முட்டைக்கூடுகளைக் கண்டார். "தங்க நூற்புழு" என்று அழகான பெயர்! பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு உருண்டையாகப் பருத்து, செத்த பிறகு அதன் தோலே கெட்டியான கூடாகிவிடும். குண்டூசித் தலையை விடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். அதுவரை பத்து, இருபது வருடம் கூடக் காத்திருக்கும். நம்ப முடிகிறதா?

புழு கீழே இறங்கக் கூடாது என்பதற்காக 1971இல் தமிழ்நாடு அரசு நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை போட்டது. வயல்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட மருந்துகளில் முக்கியமானது ஃப்யூரடான், அதாவது கார்போபியூரான் 3 சதவீதக் குருணை. நடும்போதே ஹெக்டேருக்குச் சுமார் 65 கிலோ சாலில் போட வேண்டும். சரிவான மலை நிலம், நல்ல மழை, கீழே ஓடைகள். இந்த மூன்றையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இதே புழு அமெரிக்காவிலும் உண்டு. நம் பக்கத்து நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஹிக்ஸ்வில் ஊரில் 1941இல் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இராணுவத் தளவாடங்களில் ஒட்டியிருந்த மண்ணோடு வந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது. ஒரு பிடி மண் செய்த வேலை. ஏர்போர்ட்டில் சேனைக்கிழங்கையும் மண்ணோடு கூடிய கறிவேப்பிலைக் கன்றையும் பிடுங்கிக் குப்பையில் போடும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்த அதிகாரி தேடுவதில் இதுவும் ஒன்று.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

நூற்புழு மருந்துகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை புகையூட்டிகள். திரவமாக மண்ணுக்குள் செலுத்தினால் ஆவியாகி, மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் பரவிக் கண்டதையெல்லாம் கொன்றுவிடும். இவற்றின் காலம் ஹவாயில் தொடங்கியது என்று சொல்லலாம். 1943இல் அங்கிருந்த அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வால்டர் கார்ட்டர், டி-டி என்ற கலவையை மண்ணில் இட்டால் பயிர் செழிப்பதைக் கண்டறிந்தார். பெட்ரோலியத் தொழிலில் மிஞ்சிய மலிவான சரக்கு அது. பிறகு ஈ.டி.பி., டி.பி.சி.பி., மீத்தைல் புரோமைடு என்று வரிசையாக வந்தன. மீத்தைல் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் 2005 முதல் பணக்கார நாடுகளில் சில விதிவிலக்குகளோடு நிறுத்தப்பட்டது.

இரண்டாவது வகை நம் குருணைகள். கார்போபியூரான், ஃபோரேட் (இதுதான் திமெட்), ஆல்டிகார்ப் (இதன் வணிகப் பெயர் டெமிக்) ஆகியவை இதில் அடங்கும். இவை ஆவியாக வேண்டியதில்லை. மண்ணின் ஈரத்தில் கரைந்து, புழு நீந்தும் அதே நீர்ப்படலத்தில் கலந்துவிடும். வேர் வழியாகச் செடிக்குள்ளும் ஏறும். அதனால்தான் வேரில் போட்ட மருந்து இலையில் இருக்கும் பூச்சியையும் கொல்கிறது.

புழுவின் உடலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் உடலிலும் அதேதான் நடக்கும். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்க அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதை உடைத்துவிடும். விளக்கைப் போட்டுவிட்டு அணைப்பது போல. இந்த மருந்துகள் அந்த நொதியைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. விளக்கு அணையவே அணையாது. தசை துடித்துத் துடித்துக் களைத்து முடங்கிப் போகும். புழுவால் வேரைத் தேடிப் போக முடியாது, ஊசியைச் செருக முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம். வயலில் போடும் அளவுக்கு நூற்புழு பெரும்பாலும் சாவதில்லை! மயங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் மருந்து மண்ணில் சிதைந்து போனதும், பிழைத்தவை எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். அதற்குள் பயிர் வேர்பிடித்து வளர்ந்திருக்கும் என்பதால் விவசாயிக்கு மகசூல் கிடைத்துவிடும். ஆனால் அந்த நல்ல வேரைத் தின்று புழுவும் பெருகும். அறுவடையின்போது எண்ணிப் பார்த்தால் மருந்து போட்ட நிலத்தில் புழு குறையாமல், சில சமயம் கூடியும் இருக்கும். அடுத்த வருடம் மறுபடி போட்டாக வேண்டும். தொடர்ந்து போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கார்போபியூரானைத் தின்னப் பழகி, வேகமாகச் சிதைத்துவிடும். பிறகு அளவைக் கூட்ட வேண்டும் என்று தோன்றும். கெட்டிக் கூட்டுக்குள் இருக்கும் முட்டைகளையோ குருணை எட்டுவதே அரிது. விவசாயிகளை ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருட மகசூல் போனால் கடன்காரன் வாசலில் நிற்பான் என்ற நிலையில் வேறு யோசிக்க இடமில்லை.

மனிதர்களுக்கு நேர்ந்தது

புழுவுக்கும் நமக்கும் நரம்பின் அடிப்படை ஒன்றே என்பதால் இவை புழுவோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஃபோரேட்டையும் ஆல்டிகார்ப்பையும் "மிக மிக அபாயகரமானவை" என்ற உச்ச வரிசையிலும், கார்போபியூரானை அதற்கு அடுத்த வரிசையிலும் வைத்திருக்கிறது. இந்தக் கார்பமேட் குடும்பத்தில் கார்போபியூரான், ஆல்டிகார்ப், போபாலில் தயாரான செவின் மூன்றும் உடன்பிறப்புகள். மூன்றின் தயாரிப்பிலும் மீத்தைல் ஐசோசயனேட் பயன்பட்டது. 1984 டிசம்பர் 2-3 இரவு போபாலில் கசிந்தது அந்த வாயுதான். எட்டே மாதத்தில், 1985 ஆகஸ்டில், அதே யூனியன் கார்பைடின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் ஆல்டிகார்ப் தயாரிப்புக்கான இரசாயனம் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அதே 1985 ஜூலையில் கலிஃபோர்னியாவில் இன்னொரு சம்பவம். சுதந்திர தின விடுமுறையில் தர்பூசணி சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி, வியர்வை, கண் மங்கல், தசைத் துடிப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. தர்பூசணிக்கு ஆல்டிகார்ப் போட அனுமதியே கிடையாது. யாரோ சிலர் போட்டுவிட்டார்கள். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து என்பதால் பழத்தின் சதைக்குள்ளேயே இருந்தது. தோலை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

இதைப் படித்துவிட்டு வாழைப்பழத்தைத் தூக்கிப் போட வேண்டாம். நம் ஊர் முறைப்படி வாழைக்கன்றின் கிழங்கைச் சீவி, சேற்றுக் குழம்பில் தோய்த்து, ஒரு கன்றுக்கு 40 கிராம் கார்போபியூரான் குருணையைத் தூவி நடுவார்கள். குலை தள்ளிப் பழுக்கப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்து பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆபத்து முதலில் பழம் தின்பவருக்கு அல்ல, வெறுங்கையால் தூவியவருக்கு. கையுறை இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டி, தூவிய கையாலேயே பீடி பற்ற வைத்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

டி.பி.சி.பி.யின் கதை இன்னும் கொடுமை. 1955 வாக்கில் "நெமகான்" முதலிய பெயர்களில் சந்தைக்கு வந்தது. மற்ற புகையூட்டிகள் போலன்றி, நிற்கும் பயிருக்கே போடலாம் என்பதால் வாழை, திராட்சை, அன்னாசித் தோட்டங்களில் ஏகப்பட்ட வரவேற்பு. 1977இல் கலிஃபோர்னியாவின் லேத்ரப் ஊரிலிருந்த ஒரு ஆலையில் வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, யாருக்குமே சமீபத்தில் குழந்தை பிறக்கவில்லை என்பது தெரியவந்தது. சோதித்துப் பார்த்ததில் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. ஒரு டாக்டரோ அதிகாரியோ கண்டுபிடிக்கவில்லை, சாப்பாட்டு நேரப் பேச்சில் தொழிலாளர்களே கண்டுபிடித்தார்கள்! இத்தனைக்கும் எலிகளின் விதைப்பை சுருங்குகிறது என்று கம்பெனி விஞ்ஞானிகள் 1961லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். 1979இல் அமெரிக்கப் பெருநிலத்தில் தடை வந்தது. ஹவாய் அன்னாசிக்கு மட்டும் 1985 வரை விட்டு வைத்தார்கள். கோஸ்டாரிக்கா, நிகராகுவா வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். இந்தியாவில் 1989இல் தடை செய்யப்பட்டது.

மண்ணிலிருந்து கிணற்றுக்கு

ஒரு மருந்து நூற்புழுவை எட்ட வேண்டுமானால் மண் நீரில் நன்றாகப் பரவ வேண்டும், உடனே மண்ணோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. இந்தக் குணம்தான் அதைக் கிணற்றுக்கும் கொண்டு போகிறது. மணற்பாங்கான நிலமும் நல்ல மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

லாங் ஐலண்டின் சஃபோக் கவுண்டியில் 1975 முதல் உருளைக்கிழங்குக்கு டெமிக் போட்டார்கள். மணல் பூமி. அங்குள்ள மக்கள் குடிப்பதும் அதே மணலுக்கடியில் இருக்கும் தண்ணீர். 1979இல் கிணறுகளில் ஆல்டிகார்ப் தென்பட்டது. அடுத்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற மாநில வரம்பைத் தாண்டியிருந்தது. நான்கே வருடப் பயன்பாடு! 1980இல் அங்கே விற்பனை நின்றது. வீடு வீடாகக் கரி வடிகட்டி பொருத்தினார்கள்.

நம் நியூஜெர்ஸிக்கு வருவோம். கிரான்பரி, ஹைட்ஸ்டவுன் வட்டாரம் ஒரு காலத்தில் உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. இப்போது நம் டவுன்ஹவுஸ்கள் நிற்கும் நிலங்களில் பல அன்று வயல்கள். பழைய மண்புகையூட்டிகளில் கலப்படமாக இருந்த ஒரு பொருள் 1,2,3-ட்ரைகுளோரோபுரோப்பேன். பயிருக்கு அதனால் பைசாப் பிரயோசனம் இல்லை, தயாரிப்பின்போது கூடவே வந்த கழிவு. ஆனால் நிலத்தடி நீரில் பல்லாண்டு அழியாமல் கிடக்கும், புற்றுநோய் வரவழைக்கக் கூடியது என்றும் கருதப்படுகிறது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் பயன்பட்டதால் வயல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியா 2017இல் இதற்கு லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. நியூஜெர்ஸி 2018இல் 0.03 மைக்ரோகிராம் என்று வைத்தது. ஈ.டி.பி.க்கும் டி.பி.சி.பி.க்கும் மத்திய அரசு வரம்புகளே உண்டு: முன்னதற்கு 0.05, பின்னதற்கு 0.2 மைக்ரோகிராம்.

குழாய்த் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு, தண்ணீர் கம்பெனி ஆண்டுதோறும் தர அறிக்கை அனுப்ப வேண்டும். பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடும் காகிதங்களில் அதுவும் ஒன்று. இந்த முறை மூன்று பெயர்களையும் தேடிப் பாருங்கள். பெரிய வீடு, பெரிய தோட்டம் என்று ஹோப்வெல், மான்ட்கோமரி பக்கம் வாங்கிப் போகிறவர்கள் கவனத்துக்கு: அங்கே பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறு. அதற்குத் தண்ணீர் கம்பெனி பொறுப்பல்ல, நீங்கள்தான் பொறுப்பு. நியூஜெர்ஸியின் தனியார் கிணற்றுச் சோதனைச் சட்டப்படி வீடு கைமாறும்போது தண்ணீரைச் சோதித்தே ஆக வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதித்து, முடிவைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். 2021 டிசம்பரிலிருந்து மேலே சொன்ன மூன்று இரசாயனங்களும் அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டுள்ளன. அதற்கு முன் கிணற்று வீடு வாங்கியவர்களுக்கு இந்தச் சோதனை நடந்திருக்காது. செலவைப் பார்க்காமல் ஒருமுறை செய்துவிடுங்கள், குறிப்பாக வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். கிருமிக்கு அது சரி. இந்த இரசாயனங்களுக்கு அது வைத்தியமல்ல. ஆவியாகும் வகையாக இருந்தால் நீராவியோடு கிளம்பிச் சமையலறைக் காற்றில்தான் கலக்கும். இதற்குச் சரியானது கிளர்வூட்டிய கரி வடிகட்டி. கரிக்கும் ஆயுள் உண்டு, காலத்தில் மாற்றாவிட்டால் வைத்தும் பயனில்லை.

ஊரில் இன்றைய நிலை

அமெரிக்காவில் கார்போபியூரான் குருணையைப் பறவைகள் விதை என்று நினைத்துக் கொத்திச் செத்ததால், 1991இல் எஃப்.எம்.சி.யும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும் ஒப்பந்தம் செய்து, 1994க்குள் பெரும்பாலும் நிறுத்தினார்கள். 2009இல் உள்நாட்டு உணவுப் பயிர்களுக்கான அனுமதி முழுவதுமாகப் போனது. கம்பெனி வழக்குப் போட்டது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இந்தியா கொஞ்சம் மெதுவாக வந்தது. ஆல்டிகார்ப்பும் ஈ.டி.பி.யும் 2001இல் தடை. ஃபோரேட்டுக்கு 2018இல் ஆணை வந்து 2020 டிசம்பர் 31 வரை கெடு கொடுத்தார்கள். கார்போபியூரானில் 3 சதவீத உறையிட்ட குருணை தவிர மற்ற வடிவங்களை நிறுத்தும்படி 2023இல் ஆணை வந்தது. ஆக, குருணை இன்னும் சட்டப்படியே கடையில் கிடைக்கிறது. பழைய திமெட் பாக்கெட்டுகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ! ஊருக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்கி மாட்டுக்கொட்டகையையும் மோட்டார் ரூமையும் பாருங்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மருந்து இருக்கக் கூடாது. பூட்டு போட்ட பெட்டியில், பிள்ளைகளும் மனம் நொந்தவர்களும் எளிதில் எட்ட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். நம் கிராமங்களில் குருணையால் போன உயிர்களில் விபத்தால் போனவை மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. நீலகிரியில் 1985இல் குஃப்ரி ஸ்வர்ணா என்ற எதிர்ப்புத் திறனுள்ள உருளைக்கிழங்கு வெளியிடப்பட்டது. கோசு, கேரட், பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டாலே பொரித்த புழுக்கள் பட்டினியில் சாகும். வேப்பம் புண்ணாக்கு, சணப்பு, செண்டுமல்லி எல்லாம் தாத்தா காலத்து வைத்தியமாகத் தோன்றினாலும், செண்டுமல்லி வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் இருப்பது ஆய்வகத்தில் உறுதியான விஷயம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஊரில் கொய்யாவோ வாழையோ வைத்திருக்கும் உறவினர்கள் மண் மாதிரியோடு அங்கே போகலாம். ஃப்ளூவோபைரம், ஃப்ளூவென்சல்ஃபோன் போன்ற புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. ஃப்ளூவோபைரம் நரம்பைத் தொடுவதில்லை, புழுவின் செல்லுக்குள் சக்தி உண்டாவதைத் தடுக்கிறது. பழைய குருணைகளைப் போல உடனடி நச்சு இல்லை. ஆனாலும் மருந்து மருந்துதான். கையுறை போடத்தான் வேண்டும்.

பெட்டியில் வரும் பொட்டலம்

ஆறு மாத விசாவில் வரும் பெற்றோருக்குப் பொழுது போவதே பின்புறத் தோட்டத்தில்தான். வெண்டை, கத்தரி, புடலை, பாகல் எல்லாம் அவர்கள் கை பட்டால் தனி அழகு. அந்த ஆர்வத்தில் விதையோடு ஒரு சிறு பொட்டலம் குருணையும் பெட்டிக்குள் வருவதுண்டு. தயவுசெய்து முன்கூட்டியே ஃபோனில் சொல்லிவிடுங்கள். இங்கே பதிவு செய்யாத பூச்சிமருந்தைக் கொண்டு வருவது சட்டவிரோதம். அதைவிட முக்கியமாக, ஊதா நிறத்தில் மிட்டாய்த் தூள் போல இருக்கும், வாசனையும் பெரிதாக இருக்காது. பேரக்குழந்தை கைக்கு எட்டினால் சில கிராமே போதும். ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் குப்பைத் தொட்டியிலோ கழிவறையிலோ கொட்ட வேண்டாம். மிடில்செக்ஸ் கவுண்டி நடத்தும் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் மூடியபடியே ஒப்படையுங்கள். அப்பாவிடம் கோபப்படவும் வேண்டாம். அவர் வாழ்நாளில் பாதி அந்த மருந்தை நம்பித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

யாருக்காவது மருந்து பட்டு வாயில் எச்சில் வழிதல், வியர்வை, கண்ணீர், வாந்தி, பேதி, கண்பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சிரைப்பு என்று தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 911. இல்லாவிட்டால் விஷத் தகவல் மையம், 1-800-222-1222, எந்த நேரமும் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழைய பழக்கம் வேண்டாம். பொட்டலத்தை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். "கார்போபியூரான்" அல்லது "ஃபோரேட்" என்று இரசாயனப் பெயரைச் சொல்லுங்கள், இங்குள்ள அவசரப் பிரிவு டாக்டர்கள் இந்த நச்சை அடிக்கடி பார்ப்பதில்லை. அட்ரோபின் இரண்டுக்கும் மாற்று மருந்து. ஃபோரேட்டுக்குக் கூடுதலாக வேறொரு மருந்தும் தேவைப்படும் என்பதால், எது என்று தெரிவது சிகிச்சைக்கு உதவும்.

நம் தோட்டத்திலேயே நூற்புழு வந்தால்? வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கும் நூற்புழு இரசாயனம் இங்கே எதுவும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஒருவகையில் நல்லதுதான். தக்காளி விதை வாங்கும்போது உறையில் "வி.எஃப்.என்." என்று இருக்கிறதா பாருங்கள். அந்தக் கடைசி "என்" வேர்முடிச்சு நூற்புழுவின் சில வகைகளைத் தாங்கும் ரகம் என்பதைக் குறிக்கும். குளிர் தாங்கி நம் பக்கம் பிழைத்திருக்கும் வடக்கத்தி வகைக்கு எதிராக அந்த ரகம் பலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வடக்கத்தி வகை புல்லினத்தைத் தொடாது. ஒரு வருடம் அந்தப் பாத்தியில் மக்காச்சோளம் போடலாம்.

பீன்ஸ், அவரை வேரில் முடிச்சைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். விரலால் தேய்த்தால் தனியே உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும் நல்ல பாக்டீரியாவின் வீடு. வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் நூற்புழுவாக இருக்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் தாவர நோய் ஆய்வகம் கட்டணத்துக்குச் சோதித்துச் சொல்லும். வேரோடு சேர்த்து ஈரமான மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உடனே அனுப்புங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். புழு வெந்து செத்துவிட்டால் ஆய்வகத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.